இத்தாலியன், ஓரளவு

"உங்களுக்குத்தான் இத்தாலியன் தெரியுமே, அப்புறம் என்ன கவலை?" என்றார் முதலாளி.

அடிவரியார் கையிலிருந்த தேநீர்க் கோப்பை உதட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அப்படியானால் தன்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

"எனக்கா சார்?"

"உங்களுக்குத்தான். இதோ, உங்க கைப்பட எழுதியிருக்கீங்களே."

மேஜைமேல் ஒரு படிவம் கிடந்தது. இருபத்தெட்டு வருடத்தில் நன்றாகப் பழுத்து, பலமாக மூச்சு விட்டால் உதிர்ந்துவிடும் பதத்துக்கு வந்திருந்தது. 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் மூன்று கோடுகள். முதல் கோட்டில் தமிழ். இரண்டாவதில் ஆங்கிலம். மூன்றாவதில், கொஞ்சம் கோணலாக, 'இத்தாலியன் - ஓரளவு'.

அடிவரியாருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த அலுவலகத்தின் வரவேற்பு மேஜையில் அன்றும் இன்றும் ஒரே அம்மாள்தான். வேலை கேட்டு வருகிறவர், ஒருநாள் வேலைக்கு வருகிறவர், குழாய் ரிப்பேருக்கு வருகிறவர், யாரானாலும் அந்தப் படிவத்தை நிரப்பாமல் உள்ளே கால் வைக்க முடியாது. ஒரு கோடு காலியாக இருந்தாலும் அம்மாள் வாங்க மாட்டார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அடிவரியார் இரண்டு மொழியை எழுதிவிட்டு நீட்டினார். "மூணாவது கோடு சும்மா இருக்கே" என்று படிவம் திரும்பி வந்தது. "மூணாவது மொழி தெரியாதுங்களே" என்றார். "அது உங்க பிரச்சினை. கோடு என் பிரச்சினை" என்றார் அம்மாள். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் சாய்ந்த கோபுரத்தின் படம். அடிவரியார் இத்தாலியன் என்று எழுதிவிட்டார். படத்தில் ஒட்டகம் இருந்திருந்தால் அரபி என்று எழுதியிருப்பார். ஆள் அன்றைக்கு அவ்வளவு அவசரத்தில் இருந்தார்.

"சார், ஓரளவுன்னுதானே போட்டிருக்கு" என்று இப்போது மெல்ல இழுத்தார்.

"அதுலதான்யா எனக்கு நம்பிக்கையே. தெரியாதவன் 'நன்றாக'ன்னு எழுதுவான். 'ஓரளவு'ன்னு எழுதறவன் கரைச்சுக் குடிச்சவன். இத்தனை வருஷமா ஆளைப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அது வெளிநாட்டுப் படங்களை வாங்கி, கீழே தமிழ் எழுத்துப் போட்டு, டிவிடியாக்கிக் கடைகளுக்கு அனுப்பும் கம்பெனி. திரையின் அடியில் ஓடும் அந்த வரிகளை எழுதுகிறவர் என்பதால் அவர் அடிவரியார். கராத்தே படங்கள், திமிங்கிலங்கள், மாட்டுப்பல் நோய் பற்றி நாற்பது பாகம் என்று அவர் எழுதாத வரி இல்லை. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் வசனத் தாள் வந்துவிடும். பார்த்துத் தமிழில் போட வேண்டியதுதான். கராத்தே படத்துக்குத் தாள்கூட வேண்டாம். 'வாடா', 'போடா', 'என் குருவைக் கொன்றவன் நீதானே' என்ற மூன்றே வரிகளை வைத்து முப்பது படத்தைக் கரையேற்றியிருக்கிறார்.

இந்தமுறை வந்திருந்தது இத்தாலிய நகைச்சுவை இசைநாடகம். மேடையில் நடந்ததை அப்படியே படம் பிடித்து, இரண்டு டிவிடி. படம் வந்துவிட்டது. தாள் வரவில்லை.

"கேட்டேன்யா. பாட்டுக்கு எதுக்குத் தாள்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. ஒன்பது நாள்ல வேணும். நீங்க மட்டும் இதை முடிச்சுக் குடுங்க, படம் முடியறப்ப உங்க பேரைப் போடறேன். தனியா. முழுசா மூணு விநாடி."

அடிவரியாரின் கோப்பை தானாகத் தட்டில் இறங்கியது.

இருபத்தெட்டு வருடமாக அவர் பெயர் திரையில் வந்ததே இல்லை. விளக்குப் பிடித்தவர் பெயர் வரும், தலைமுடி வாரிவிட்டவர் பெயர் வரும், படத்தில் வந்த நாயின் பெயர்கூட வரும். இவர் பெயர் வராது. அவருடைய மச்சினன் ஒவ்வொரு குடும்பக் கூட்டத்திலும் டிவிடி அட்டையைக் கண்ணருகே வைத்துத் தேடிவிட்டு, "அத்தான், நீங்க நிஜமாவே ஆபீஸ் போறீங்களா, இல்ல டிபன் டப்பாவை எடுத்துட்டுப் பார்க்குல உக்காந்துட்டு வர்றீங்களா?" என்று கேட்பான். அறை முழுக்கச் சிரிக்கும். அடிவரியாரும் கூடவே சிரித்துவிட்டு, அன்றிரவு முழுவதும் தலையணையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் போடுவார்.

மூன்று விநாடி. அதற்காக அவர் சீன மொழிகூடத் தெரியும் என்று சொல்லியிருப்பார்.

"செஞ்சுடலாம் சார். யாராவது சரிபார்ப்பாங்களா?" என்றார், யாரும் இருக்கக் கூடாதே என்ற வேண்டுதலுடன்.

"பின்னே? கோப்பு பூராத் தேடினேன். இத்தாலியன் தெரிஞ்சவங்க நம்ம கம்பெனியில ரெண்டே பேர். ஒருத்தர் நீங்க. இன்னொருத்தர் நம்ம பரிசோதகர்." முதலாளி பழுப்பேறிய இன்னொரு படிவத்தைத் தட்டிக் காட்டினார். "அவர் சரின்னாதான் பேரு. இல்லன்னா நீங்க அட்டைக்கு லேபிள் ஒட்டற பக்கம் போயிடுங்க. அங்கயும் ஆள் குறையுது."

பரிசோதகர் மாதத்துக்கு நான்கு நாள் வந்து பிழை திருத்துகிறவர். வானத்தைப் பார்த்தாலும் அதில் எங்கே பிழை என்று தேடுகிற முகம். தம் சொந்தக் கல்யாணப் பத்திரிகையிலேயே பதினொரு திருத்தம் போட்டு மாமனாருக்குத் திருப்பி அனுப்பியவர் என்று பேச்சு. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் வீட்டுக் கண்ணாடியே பார்த்திருக்காது.

மாலையில் அடிவரியார் மெஷின் அறைக்குப் போனார். மெஷின்காரர் ஒரு வாரம் லீவு. கறுப்புப் பிளாஸ்டிக் கம்பி ஒன்றில் இரண்டு டிவிடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருந்தன. எழுத்தில்லை, எண்ணில்லை, இரண்டும் பளபளவென்று நிலாத் துண்டுகள். கம்பியோடு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மேலே இருந்ததை முதலில் எடுத்துப் போட்டார். மேலே இருப்பதை முதலில் எடுப்பதுதானே உலக வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் அடிவரியார், மனைவி, மாமியார். மடியில் நோட்டு.

திரை விலகியதும் ஒரு பெரிய அலமாரி. அதற்குள்ளிருந்து மஞ்சள் கோட்டுப் போட்ட குண்டுக் கிழவர் ஒருவர் மாவு மூட்டையில் புரண்டவர்போல வெள்ளை வெளேரென்று வெளியே விழுந்தார்; அலமாரிக் கதவும் பின்னாலேயே வந்து மண்டையில் இடித்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"எடுத்த எடுப்புலயே அலமாரிக்குள்ள என்ன பண்றான் இவன்?" என்றார் மாமியார்.

"தெரியலையே அத்தை."

"என்ன மாப்பிள்ளை, உங்களுக்கு இத்தாலியன் தெரியும்னு ஆபீஸ்ல சொன்னாங்களாமே."

"ஓரளவுதான் அத்தை."

"அப்ப நான் சொல்றேன், எழுதிக்குங்க. எதையோ தேடப் போயிருக்கான், கதவு சாத்திக்கிச்சு. இதுக்கு எதுக்கு மொழி? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

அதுதான் வழி. அடிவரியாருக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. மாமியார் நான்கு தெரு தள்ளி நடக்கும் சண்டையை ஜன்னல் அசைவை வைத்தே சொல்லிவிடுகிறவர். இவ்வளவு கிட்டத்தில் முகம் காட்டிக் கத்துகிறவர்களின் கதையைச் சொல்ல மாட்டாரா?

சொன்னார். மனைவியும் சேர்ந்துகொண்டாள். தாடி வைத்த ஒரு ஒல்லி இளைஞன் வந்து தாடியைப் பிய்த்து எறிந்தான். பச்சைப் பாவாடைப் பெண் திகைத்து, பிறகு பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"சவரம் பண்ணிக்கிட்டான், அதான் சந்தோஷம்" என்றாள் மனைவி. "எனக்கும் அப்படித்தான் இருந்தது, நீங்க அந்த மீசையை எடுத்தப்ப."

சிக்கல் வேறிடத்தில் வந்தது. ஐந்து பேர் கதவைக் காட்டிப் பாடினார்கள். கதவுப் பக்கம் ஓரடி வைத்தார்கள். திரும்பி வந்து அதையே பாடினார்கள். ஏழு நிமிடம். யாரும் போகவில்லை.

"நம்ம சொந்தக்காரங்க மாதிரியே இருக்காங்க. கிளம்பறேன்னு சொல்லி வாசல்ல ஒரு மணி நேரம் நிப்பாங்க" என்றார் மாமியார்.

ஏழு நிமிடத்துக்கு ஒரே வரியைப் போட முடியுமா? அடிவரியார் எழுதினார்: 'கிளம்புகிறோம்.' 'இதோ கிளம்பிவிட்டோம்.' 'கிளம்பாமல் இருப்போமா?' 'என் குடை எங்கே?' 'வைத்த இடத்தில்தான் இருக்கும்.' 'வைத்த இடம் எங்கே?' 'சரி, கிளம்புகிறோம்.' எழுதி முடித்தபோது அவர் முகத்தில் ஒரு படைப்பாளியின் களை வந்திருந்தது.

பிறகு நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு விதமாகப் பாடினார்கள். நாலு பேருக்கும் வரி போட்டார். திரையில் ஏற்றினால் பாடகர்கள் கழுத்தளவு எழுத்தில் நின்று மூச்சுக்குத் திணறுவார்கள்.

கடைசியில் ஒல்லிக்கும் பச்சைப் பாவாடைக்கும் கல்யாணம். எல்லாரும் கைகோத்துக்கொண்டு வரிசையாகக் குனிந்து கும்பிட்டார்கள். பூ வந்து விழுந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட, கையில் சின்னக் குச்சி வைத்த ஒருவர் எங்கிருந்தோ வந்து நடுவில் நின்று பெண்ணின் கைக்கு முத்தம் கொடுத்தார்.

"இதுவரைக்கும் வராதவன், கல்யாணத்துல மட்டும் வந்து நடுவுல நிக்கறான். பொண்ணுக்குத் தாய்மாமனா இருக்கும்" என்றார் மாமியார், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

அடிவரியார் தாய்மாமனுக்கு நாலு வரி வாழ்த்து எழுதினார்.

முதல் டிவிடி முடிந்தது. காபி குடித்துவிட்டு இரண்டாவதைப் போட்டார்கள். அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

திரை மூடியிருந்தது. ஆறு நிமிடம் மூடியே இருந்தது. கீழே வயலின்காரர்கள் உயிரைக் கொடுத்து வாசிக்க, தாய்மாமன் அவர்களைப் பார்த்துக் குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் முடிஞ்ச கையோட வாசிக்கறவங்களை எதுக்கு மிரட்டறான்?" என்றாள் மனைவி.

"உள்ள என்ன நடக்குதோ, சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு வாசிக்கச் சொல்றான்" என்றார் மாமியார். அடிவரியார் 'நிறுத்தாதீர்கள், உள்ளே குடும்பப் பேச்சு நடக்கிறது' என்று எழுதினார். ஆறு நிமிடத்துக்கு ஆறு முறை.

திரை விலகியது. மஞ்சள் கோட்டுக் கிழவர், மாவு கீவு இல்லாமல் பளிச்சென்று வந்து, பச்சைப் பாவாடையின் முன்னால் மண்டி போட்டு மோதிரத்தை நீட்டினார்.

மனைவி டிவி பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆன பொண்ணுடா அது" என்றார் மாமியார் டிவியைப் பார்த்து.

"ஏங்க, இவர் கல்யாணத்துக்கு வந்திருந்தாரே. கைகூடத் தட்டினாரே."

அடிவரியார் நெற்றியைத் தேய்த்தார். தேய்த்த இடத்தில் யோசனை பிறந்தது. அலமாரிக் கதவு. அவர் வெளியே விழுந்தபோது கதவு பின்னாலேயே வந்து மண்டையில் இடித்ததே. எழுதினார்: 'ஐயோ, என் நினைவு. அது தப்பிக்கொண்டே போகிறது.' ஆக, கிழவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது.

தீரவில்லை. ஒல்லி வந்தான், தாடியோடு.

"கல்யாணம் ஆச்சுல்ல, இனிமே எதுக்குச் சவரம்னு விட்டுட்டான்" என்றாள் மனைவி, புருஷன் முகவாயை ஒரு பார்வை பார்த்து.

பச்சைப் பாவாடை தாடிக்காரனைப் பார்த்து வெட்கப்பட்டாள். தயங்கினாள். ஜன்னலோரம் உருகி உருகிப் பாடினாள். துடைப்பம் வைத்திருந்த வேலைக்காரி அவனிடம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாமியார் எழுந்து நின்றுவிட்டார். "கட்டின புருஷன் இருக்க இன்னொருத்தனுக்குக் கடுதாசியா?"

"அம்மா, அவன்தான் புருஷன்."

"அது நமக்குத் தெரியும். தாடி இருக்கறதால அவளுக்குத் தெரியாது. தப்பு தப்புதான். மாப்பிள்ளை, இந்தப் பொண்ணை நல்லபடியா ஆக்குங்க. இல்லன்னா இந்த வீட்டுல எனக்குக் காபி இறங்காது, உங்களுக்குக் கிடைக்காது."

ஒரு பெண்ணின் மானமும் ஒரு வாரக் காபியும் அடிவரியார் கையில். யோசித்து யோசித்து, அவளுக்கு ஒரு வரி கொடுத்தார்: '(தனக்குள்) இவர் என் கணவர்தான் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் நடிக்கிறேன்.' யாருக்கும் மறந்துவிடக் கூடாதே என்று நாலு நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் போட்டார். அந்தப் பெண்ணோ ஒவ்வொரு முறையும் கூரை பெயரக் கத்திக்கொண்டு தனக்குள் சொன்னாள்.

அவள் நடிப்பது தெரிந்தால் ஒல்லி ஏன் சும்மா இருக்கிறான்? '(தனக்குள்) அவள் நடிப்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் நானும் நடிக்கிறேன்.' அப்படியானால் வேலைக்காரி? '(தனக்குள்) இவர்கள் இருவருக்கும் எனக்குத் தெரிந்தது தெரியாது.' நினைவு தப்பிய கிழவருக்கும் ஒன்று கொடுக்காவிட்டால் அவர் மனம் நோகும்: '(தனக்குள்) எனக்கு ஏதோ தெரிந்திருந்தது. என்ன என்று தெரியவில்லை.'

ஆறாவது நாள் அடிவரியாருக்கே யாருக்கு என்ன தெரியும் என்று தெரியவில்லை. சமையலறைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டிவைத்தார். மனைவி உப்பு கேட்டால், "உனக்கு உப்பு இருக்கற இடம் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கறே" என்றார்.

கடைசிக் காட்சியில் மேடையில் இருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் கைநீட்டிக் கத்தினார்கள். கத்தியபடியே திரை விழுந்தது. அவ்வளவுதான் படம். இதை எப்படி முடிப்பது? அடிவரியார் இரண்டு நாள் யோசித்து எழுதினார்: 'இப்படியாக எல்லாரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். சுபம்.'

ஒன்பதாம் நாள் காலை எட்டரை மணிக்கு மெஷின் அறையில் கம்பியையும், நேரம் குறித்து வரிகளை அடித்த தகட்டையும் கொடுத்தார். லீவு முடிந்து வந்திருந்த மெஷின்காரர் கம்பியை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"கவுத்துதானே சார் எடுத்தீங்க?"

"எதை?"

"கம்பியை. முதல் டிவிடியை முதல்ல செருகுவேன், அது அடியில போயிடும். ரெண்டாவது மேல வந்துடும். அதனால கம்பியைக் கவுத்து எடுக்கணும். எல்லாருக்கும் தெரியுமே."

அடிவரியார் ஆயுள் முழுக்க ஒரு டிவிடிப் படத்துக்கே எழுதியவர். ஒற்றை டிவிடியை எப்படிக் கவிழ்த்தாலும் அது ஒற்றைதான். பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"ஏன்யா, திரை மூடியிருக்கும், வாத்தியம் மட்டும் வாசிப்பாங்களே, அது..."

"அது ஆரம்பம் சார்."

"எல்லாரும் கைகோத்துக் கும்பிடுவாங்களே, பூ விழுமே..."

"அது முடிவு."

"அப்ப தாய்மாமன்?"

"எந்தத் தாய்மாமன்?"

"குச்சி வச்சிருப்பாரே."

"அவரா? வாத்தியக்காரங்களுக்குத் தலைவர் சார். குச்சியை ஆட்டினாதான் இவங்க வாசிப்பாங்க."

"அவரை நாலு வரி பேச வச்சுட்டேன்யா" என்றார் அடிவரியார், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில்.

மெஷின்காரர் இரக்கப்பட்டார். "இப்ப வேணா ரெண்டையும் மாத்திப் போட்டுடலாமா?"

"மாத்தினா, முதல் காட்சியிலயே நினைவு தப்பியிருக்கற ஆளுக்குப் பாதிப் படம் ஓடினப்புறம்தான் மண்டையில அடி விழும்."

இருவரும் அதைக் கொஞ்ச நேரம் மனக்கண்ணில் பார்த்தார்கள்.

"வேணாம் சார்" என்றார் மெஷின்காரர்.

வெளியே குடை தரையில் தட்டும் சத்தம் கேட்டது. பரிசோதகர் வந்துவிட்டார்.

திரையிடும் அறை சின்னது. முதலாளி நடுவில். ஒருபக்கம் சிவப்புப் பேனாவும் பூதக்கண்ணாடியுமாகப் பரிசோதகர். மறுபக்கம் அடிவரியார், தூக்குமேடையில் காற்றாட உட்காரவைத்ததுபோல.

பரிசோதகர் தொண்டையைக் கனைத்தார். "அடிவரியாரே, ஒரு விஷயம். நாம ரெண்டு பேரும் இத்தாலியன்ல பேசிக்கிட்டா முதலாளிக்குப் புரியாது. அது மரியாதையா இருக்காது. தமிழ்லயே பேசிப்போம்."

"அதான் முறை" என்றார் அடிவரியார். பெரிய மனுஷர் பெரிய மனுஷர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

படம் ஓடியது. அலமாரிக் கிழவர் விழுந்ததும் முதலாளி சிரித்தார். பரிசோதகர் சிரிக்கவில்லை. திரையைப் பார்ப்பார், வரியைப் பார்ப்பார், அடிவரியாரைப் பார்ப்பார். திடீரென்று கை உயர்ந்தது.

"நிறுத்துங்க."

படம் நின்றது. அடிவரியாரின் இதயமும் கூடவே நின்றது.

"'என் குடை எங்கே'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"திரையில குடையே இல்லையே."

"அதனாலதான் தேடறாங்க."

பரிசோதகர் வெகுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு நோட்டில் 'சரி' என்று எழுதினார்.

கும்பிடு போடும் காட்சி வந்தது. பூ விழுந்தது. தாய்மாமன் வந்து வாழ்த்தினார். பரிசோதகர் முன்னால் சாய்ந்தார். "இந்தத் தாய்மாமன்..."

அடிவரியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"...கொஞ்ச நேரம் வந்தாலும் நிறைவாப் பண்ணியிருக்கார்."

அடிவரியார் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். கேலியா? முகத்தில் கேலி இல்லை. வியர்வைதான் இருந்தது. அறை அப்படியொன்றும் சூடாக இல்லை.

இரண்டாவது டிவிடி. பச்சைப் பாவாடை கூரை அதிரத் தனக்குள் சொல்ல ஆரம்பித்தாள். முதலாளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒல்லி தனக்குள் சொன்னான். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலைக்காரி தனக்குள் சொன்னாள். முதலாளி தொடையைத் தட்டினார், தம்முடையதை அல்ல, அடிவரியாருடையதை. 'எனக்கு ஏதோ தெரிந்திருந்தது. என்ன என்று தெரியவில்லை' என்று கிழவர் சொன்னபோது முதலாளி நாற்காலியிலிருந்து வழுக்கித் தரைக்கே போய்விட்டார். அவர் சிரிப்பு தெருமுனைவரை கேட்டு, போகிற லாரி ஒன்று தனக்குத்தான் ஹாரன் அடிக்கிறார்கள் என்று ஒதுங்கி நின்றது.

அப்போது வேறொரு சத்தம். பல வருடமாகத் திறக்காத மேஜை டிராயரை யாரோ பலமாக இழுப்பதுபோல. மூவரும், மெஷின்காரர் உட்பட, சுற்றிப் பார்த்தார்கள். பரிசோதகர் சிரித்துக்கொண்டிருந்தார்.

'சுபம்' வந்தது. விளக்குப் போட்டார்கள்.

"சொல்லுங்க" என்றார் முதலாளி, தரையிலிருந்தபடியே.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "மூணு இடத்துல ஒற்று விட்டுப்போச்சு. மத்தபடி மூலத்தோட வச்சுப் பாத்தா ஒரு குறையும் சொல்ல முடியாது. மூலத்துல இல்லாத ஒரு தெளிவு இதுல இருக்கு."

"அப்ப பாஸ்?"

"பாஸ்."

மெஷின்காரர் எழுத்தை ஏற்றினார். 'தமிழ் அடிவரிகள்' என்று வந்தது. அதன்கீழே, தனியாக, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், முழுசாக அவர் பெயர். ஒன்று. இரண்டு. மூன்று.

"இன்னொரு தடவை" என்றார் அடிவரியார். நாலு தடவை போட்டார்கள். நாலாவது தடவை எழுத்துகள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தன. மெஷினில் கோளாறு இல்லை.

போனில் சொன்னதும் மனைவி பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள். "தம்பிகிட்ட சொல்லிட்டேங்க. மூணு விநாடின்னு சொன்னேன். 'நிஜமாவா'ன்னு மூணு தடவை கேட்டான். கடைசியா, 'அத்தானை விசாரிச்சதாச் சொல்லு'ன்னு வச்சுட்டான்."

இருபத்தெட்டு வருடத் தலையணை அன்றே பஞ்சு மெத்தை ஆகிவிட்டது.

மத்தியானத்துக்குள் ஐந்நூறு டிவிடி அச்சாகி அட்டைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் முதலாளி இருவரையும் தம் அறைக்குக் கூப்பிட்டு, இரண்டு தோளிலும் இரண்டு கையைப் போட்டார்.

"ஒரு சந்தோஷச் செய்தி. இதே மாதிரி இன்னும் பதினொரு நாடகத்துக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஒண்ணுக்கும் தாள் கிடையாது. உங்களுக்கு எதுக்குத் தாள்? அதைவிட முக்கியம், இன்னிக்குச் சாயங்காலம் அந்த நாடகக் கம்பெனிக்காரங்க நாலு பேர் நேரா இங்க வர்றாங்க. அவங்களுக்கு இத்தாலியனைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. நான் தைரியமாச் சொல்லிட்டேன், கவலைப்படாதீங்க, எங்ககிட்ட ரெண்டு புலி இருக்குன்னு. எத்தனை மணி நேரம் வேணா பேசிக்கிட்டு இருங்க."

பரிசோதகர் சிவப்புப் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"ஒரு நிமிஷம்" என்று பரிசோதகர் மேஜையோரமாகவே நகர்ந்து, குடையைக்கூட எடுக்காமல் வெளியே போனார். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி, வருகிற விருந்தாளிகளுக்கு நாற்காலி சொல்லப் போனை எடுத்தார்.

அடிவரியார் மின்னல் வேகத்தில் முடிவெடுத்தார். இருபத்தெட்டு வருடப் பாவம் முழுவதும் ஒரு கோட்டில் இருக்கிறது. கோட்டை அழித்துவிட்டால், 'நான் எப்ப சார் சொன்னேன்' என்று படிவத்தைக் காட்டியே சாதித்துவிடலாம். பெயர் ஏற்கெனவே ஐந்நூறு டிவிடியில் ஏறிவிட்டது, இனி யார் என்ன செய்ய முடியும்? மேஜைமேல் கைவைத்தார். ஒன்பது நாளாக அங்கே இரண்டு படிவங்கள் கிடந்தன. இப்போது ஒன்றுதான் இருந்தது. நல்ல வேளை, அது தன்னுடையது. மற்றதைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? சட்டைக்குள் செருகிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி நடந்தார். பழைய காகிதம் நடைக்கு நடை உள்ளே பொடிந்து உறுத்தியது.

அந்த அலுவலகத்தில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மைக் குப்பி ஒன்றே ஒன்றுதான். அது வரவேற்பு மேஜை அம்மாளிடம், பூட்டிய டிராயரில் இருக்கும்.

"அம்மா, அந்த வெள்ளை மையைக் கொஞ்சம் குடுங்களேன். என் படிவத்துல மூணாவது கோட்டை மட்டும் அழிக்கணும், ரெண்டு நிமிஷத்துல திருப்பித் தந்துடறேன்."

அம்மாள் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"வரிசையில நில்லுங்க சார். இப்பதான் பரிசோதகர் வாங்கிட்டுப் போனார், அவருக்கும் மூணாவது கோடுதானாம்."